போக்கும் வரவும்: கண்டிச் சீமையிற் சுற்றத்தார் வாழ்க்கை

தமிழ் மக்களின் அன்றாடப் பேச்சிலே "போக்குவரத்து" என்னும் சொல் இரு பொருள்களில் வழங்குகின்றது. வண்டிகளும் மாந்தரும் வழியிற் செல்லுதலை அது குறிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. இரு குடும்பங்களிடையே உறவு நிலைத்திருத்தலையும் அச்சொல்லே குறிக்கும். "அவர்களுக்கும் எங்களுக்கும் இப்போது போக்குவரத்து இல்லை" என்று ஒருவர் கூறின், உறவு அறுந்தது என்பதே பொருளாகும். குருதியால் அமைந்த உறவாயினும், மணத்தால் அமைந்த உறவாயினும், போதலாலும் வருதலாலுமே அது உயிர்பெற்று நிற்கின்றது என்னும் உண்மையை இவ்வழக்கு நன்கு விளக்குகின்றது. நல்லதற்கும் கெட்டதற்கும் வாராத உறவினன் பெயரளவில் மட்டுமே உறவினன் ஆவான்.

இவ்வுண்மைக்கு இலங்கையின் மலைநாடு, சிறப்பாகக் கண்டி நகரும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களும், தக்கதொரு சான்றாக விளங்குகின்றன. தோட்டத் தொழிலுக்கென வந்த தமிழ் மக்கள் தாம் வந்து சேர்ந்த நாட்டைக் "கண்டிச் சீமை" என்றே அழைத்தனர். அச்சீமையிற் சுற்றம் எவ்வாறு கூடி வாழ்ந்தது, எவ்வாறு கூடி வெளியே சென்றுவந்தது, எவ்வாறு பிரிக்கப்பட்டது என்பன ஈண்டு நோக்கத்தக்கன.

முறைப் பெயர்கள்

கண்டியிலே தமிழரும் சிங்களரும் பல தலைமுறைகளாக அயலவராய் வாழ்ந்து வருகின்றனர். இரு சாராரின் மொழிகளும் வேறுபட்ட மொழிக் குடும்பங்களைச் சார்ந்தவை. எனினும், இல்லத்துள் நுழைந்து உறவுப் பெயர்களைக் கேட்பார்க்கு வியப்பூட்டும் ஒற்றுமை ஒன்று புலப்படும். தாயைத் தமிழர் "அம்மா" என்பர். சிங்களரும் "அம்மா" என்பர். மூத்த சகோதரி இரு மொழியிலும் "அக்கா". தாயின் சகோதரன் இரு மொழியிலும் "மாமா". தமிழர் "மைத்துனன்", "மச்சினன்" என்பதைச் சிங்களர் "மஸ்ஸினா" என்பர். "தாத்தா" என்னும் சொல் மாத்திரம் தமிழருட் பாட்டனையும் சிங்களருள் தந்தையையும் குறித்து, புதிதாய் வருவாரை மயங்க வைக்கும்.

சொற்களின் ஒற்றுமையினும் சிறந்தது அவற்றின் அமைப்பில் உள்ள ஒற்றுமை. தாயின் சகோதரியைத் தமிழர் பெரியம்மா எனவும் சின்னம்மா எனவும் அழைப்பதுபோலச் சிங்களர் "லொகு அம்மா", "புஞ்சி அம்மா" என அழைப்பர். அவ்வாறே தந்தையின் சகோதரர் தந்தை நிலையில் வைக்கப்படுவர். அவர்தம் மக்கள் அனைவரும் உடன்பிறந்தார் ஆவர். மாமன் மக்களும் அத்தை மக்களும் அவ்வாறல்லர். மணத்திற்குரிய முறையினராகக் கருதப்படுவர். மகனின் மனைவியையும் உடன்பிறந்தாளின் மகளையும் தமிழன் "மருமகள்" என்னும் ஒரே பெயரால் அழைக்க, சிங்களவன் "லேலி" என்னும் ஒரே பெயரால் அழைக்கின்றான். அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மோர்கன் 1871 ஆம் ஆண்டில் வெளியிட்ட உறவுமுறை பற்றிய பெருநூலிலே தமிழரின் முறைப்பெயர்களை விரிவாக ஆராய்ந்தார். அதன் பின்னர் இவ்வமைப்புத் "திராவிட உறவுமுறை" எனப் பெயர் பெற்றது. கண்டிச் சிங்களரின் உறவுமுறையும் இவ்வகையினதே என்பதை ஸ்டான்லி தம்பையா, நூர் யால்மன் முதலிய மானிடவியலறிஞர் 1960 ஆம் ஆண்டுகளில் எழுதிய ஆய்வுகள் தெளிவுறுத்தின.

இம்முறையின் சிறப்பு யாது? குழந்தைக்கு ஒரு தாயன்றிப் பல தாயரும், ஒரு தந்தையன்றிப் பல தந்தையரும் உளர் என்பதே. தாய் தந்தை இருவரும் மக்களும் மட்டுமே குடும்பம் என்னும் மேனாட்டுக் கணக்கு இங்கே பொருந்துவதன்று.

அரண்மனைச் சுற்றம்

உறவின் வலிமையைக் கண்டி அரச வரலாறும் காட்டும். 1739 ஆம் ஆண்டில் வீர நரேந்திரசிங்கன் இறந்தபோது, மதுரையிலிருந்து வந்த அவன் பட்டத்தரசியின் சகோதரனே ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயருடன் முடிசூடினான். அவன் 1747 இல் இறந்தபின் அவன் அரசியின் சகோதரன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அரியணை ஏறினான். இருமுறையும் மைத்துன உறவே முடியுரிமைக்கு வழியாயிற்று. அரசியருடன் அவர்தம் தந்தையரும் சகோதரரும் பிற சுற்றத்தாரும் கண்டிக்கு வந்து குடியேறினர். அந்நாயக்கர் வாழ்ந்த வீதி மலபார் வீதி எனப் பெயர் பெற்றது.

1815 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2 ஆம் நாள், கண்டி அரண்மனையின் பேரவை மண்டபமாகிய மகுல் மடுவத்திலே ஆங்கிலேயரும் கண்டிப் பிரதானிகளும் உடன்படிக்கை செய்தனர். இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அதனால் முடியிழந்தான். அவ்வுடன்படிக்கை மன்னனோடு நின்றுவிடவில்லை. குருதியுறவாலோ மணவுறவாலோ அவனுக்குச் சுற்றத்தாரான ஆடவர் அனைவரையும் அரசுக்குப் பகைவர் என்று அது விதித்தது. எழுத்து மூலமான இசைவின்றிக் கண்டி நாட்டினுள் நுழைதலையும் தடுத்தது. மன்னன் 1816 இல் தமிழகத்து வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தான். ஒருவன் இன்னாரின் உறவினன் என்பதே அவன் எந்நாட்டிற்கு உரியவன் என்பதை முடிவுசெய்யும் அளவுகோலாயிற்று. ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தின் பின்னர், அரசமரபினர் அல்லாத எளிய மக்களும் இத்தகைய அளவுகோலுக்கு உட்பட நேர்ந்தது.

லயத்து வாழ்க்கை

அரச சுற்றத்தார் வெளியேற்றப்பட்ட கண்டி நாட்டிற்கே, பத்தாண்டுகள் கழியுமுன், வேறு தமிழர் அழைத்துவரப்படலாயினர். கோப்பிப் பயிர்ச்செய்கை கம்பளைப் பகுதியிலே 1820 ஆம் ஆண்டுகளில் தொடங்கியது. மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் காட்டு வழியே பல நாள் நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். கோப்பி பறிப்புச் சில மாதங்களுக்கே உரியதாகையால், அது முடிந்ததும் ஊர் திரும்புதலே வழக்கமாயிருந்தது. 1867 ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்டார். 1869 முதல் இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. அதனைக் கொய்தற்குப் பெண்டிரின் கைகள் வேண்டும். ஆகவே, தனி ஆடவர் வந்துபோன நிலை மாறி, குடும்பங்கள் நிலையாகத் தங்கும் நிலை தோன்றிற்று.

அவ்வாறு வந்தோரும் தனித்தனியே வந்தாரல்லர். கங்காணி தன் ஊரிலும் தன் உறவிலுமே ஆள் திரட்டினான். பெரிய கங்காணியின் கீழ்ச் சில்லறைக் கங்காணிகள் பலர் இருந்தனர். ஒவ்வொரு சில்லறைக் கங்காணியின் ஆட்களும் பெரும்பாலும் அவனுடைய அண்ணன் தம்பியரும் மாமன் மச்சான்மாருமாகவே இருந்தனர். கடன்சுமை பொறித்த "துண்டு" என்னும் சீட்டு ஒழிக்கப்பட்ட 1921 ஆம் ஆண்டு வரை, உறவினர் தோட்டம் மாறும்போது கூட்டமாகவே மாறினர். உறவு அவர்களுக்குக் காவலாகவும் இருந்தது. கடனாற் பிணைக்கும் கயிறாகவும் இருந்தது.

லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அறைகளின் தொகுதி. அவ்வறையைக் "காம்பரா" என்பர். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுள்ள அக்காம்பராவிலே தாய், தந்தை, மக்கள், மூத்தோர் யாவரும் வாழ்ந்தனர். மகனுக்கு மணமானால் வேறு காம்பரா கிடைப்பது அரிது. முன்புறத்து இஸ்தோப்பே மணமக்களின் இல்லமாகும். இத்துணைச் சிறிய இடத்தைப் பொறுக்கத்தக்கதாக்கியது அடுத்தடுத்த காம்பராக்களில் உறவினர் வாழ்ந்தமையே. விடியுமுன் பெரட்டுக்கு மணி அடிக்கும். தாய் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குச் செல்வாள். பிள்ளை மடுவத்தில் விடமுடியாத நோயுற்ற குழந்தையைப் பாட்டியோ பக்கத்துக் காம்பராவில் வாழும் சின்னம்மாவோ பார்த்துக்கொள்வாள். உப்பும் அரிசியும் சுவர் கடந்து இரவலாய்ச் செல்லும். பீலியடியில் நீர் பிடிக்கும்போதே அன்றைய செய்திகள் அனைத்தும் பரவிவிடும்.

வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் முறைகாரர் ஒருவர் முன்நிற்றல் வேண்டும். காது குத்தும்போது குழந்தையைத் தாய்மாமன் மடியில் இருத்துவர். பூப்பெய்திய பெண்ணுக்கு மாமன் சீர் கொண்டு வருவான். இறந்தாருக்குக் கோடித்துணி போடுவோர் இன்னார் என்பதும் முறையால் வரையறுக்கப்பட்டதே. மணவீட்டில் எழுதப்படும் மொய்க் கணக்கு, வங்கியைக் காணாத மக்களுக்குச் சேமிப்பும் கடனுதவியுமாக அமைந்தது. கொடுத்தவன் வீட்டில் நிகழ்ச்சி வரும்போது அத்தொகை திரும்பிச் செல்லும். ஆகவே உறவு என்பது உணர்ச்சி மட்டும் அன்று. உழைப்பும் பொருளும் காவலும் பகிர்ந்துகொள்ளப்படும் ஓர் அமைப்பாகும்.

கூடிச் செல்லுதல்

தோட்டம் தனியார் நிலம். வெளியார் அதனுள் நுழைவதற்குத் துரையின் இசைவு வேண்டியிருந்த காலம் நீண்டது. கலஹாவிலே வாழ்பவள் மடுல்கலையிலே வாழ்க்கைப்பட்ட தங்கையைக் காண விரும்பின், வேலைநாளில் அது இயலாது. விருந்தினராகப் பல நாள் தங்குதலும் எளிதன்று. எனவே உறவினர் ஒருவரையொருவர் காண்பதற்குப் பொதுவான இடமும் பொதுவான நாளும் தேவைப்பட்டன. அவ்விடத்தையும் நாளையும் கோயில்களும் திருவிழாக்களும் கண்டி நகரமும் வழங்கின.

மாசி மகத்தை ஒட்டி மாத்தளை முத்துமாரியம்மனின் தேர்த் திருவிழா நடைபெறும். பஞ்சரதங்கள் வீதியில் உலா வரும் அந்நாளிலே பல தோட்டங்களின் மக்களும் அங்கே திரளுவர். அம்மனைத் தொழுவதோடு அண்ணன் தம்பியரைக் காண்பதும் அவர்தம் நோக்கமாகும். கண்டி நகரிலே கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயம் அத்தகைய கூடுமிடமாக விளங்குகின்றது.

தலதா மாளிகையின் எசலப் பெரஹராவும் அவ்வாறே. அவ்வூர்வலத்தில் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பெரஹராக்களும் இடம்பெறும். கதிர்காமத் தேவரை முருகனாகவும் பத்தினியைக் கண்ணகியாகவும் அறிந்த தமிழ் மக்களுக்கு அது பிறர் விழாவாகத் தோன்றுவதில்லை. பெரஹரா நாளிற் குடும்பம் ஒன்று நகருக்கு வரும் முறை கவனிக்கத்தக்கது. தாயும் தந்தையும் இரு மக்களுமாக அவர்கள் வருவதில்லை. பாட்டி, பெரியப்பா குடும்பம், அத்தை, அத்தை மக்கள் என ஒரு கூட்டமே வரும். புளிச்சோறும் ரொட்டியும் சம்பலும் கட்டப்பட்டிருக்கும். நண்பகலிலேயே வீதியோரத்திற் பாய் விரித்து இடம் பிடிப்பர். பிள்ளைகளை எண்ணிப் பார்க்கும் பொறுப்புப் பெரியம்மாவுடையது. வளையலும் கடலையும் வாங்கிக் கொடுக்கும் கடமை மாமனுடையது. யானைகள் வரும் வரையிலான நீண்ட பொழுது வீண்பொழுதன்று. மகளுக்கு இடம் பார்ப்பதும், முறிந்த பேச்சைப் பெரியவர் முன்னிலையில் ஒட்டவைப்பதும், பரிசத் தொகையைப் பேசுவதும், கைமாற்றுக் கேட்பதும் அப்பொழுதிலேயே நிகழும். இரவு ஊர்திரும்ப வழியில்லாதோர், நகரசபைத் தொழிலாளர் வாழும் மஹியாவையில் உறவினர் இருப்பின், அவர் வீட்டிலே தங்குவர்.

தீபாவளிக்கு மறுநாட் பேராதனைப் பூந்தோட்டத்திற்குச் செல்வதும் பலரின் வழக்கம். 1821 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அப்பூந்தோட்டம் 147 ஏக்கர் பரப்புடையது. மகாவலி கங்கை அதனை மூன்று பக்கமும் வளைந்தோடுகின்றது. நெடும் பனைவரிசைகளின் இடையே நடந்து, கிளை பரப்பி நிற்கும் பெரிய ஜாவா அத்தியின் நிழலில் அமர்ந்து உண்பர். முறைப்பையனும் முறைப்பெண்ணும் பெரியோர் கண்ணெதிரே பேசிக்கொள்ள அங்கே தடையில்லை. பெண் பார்த்தல் என்னும் பெயரின்றியே பெண் பார்த்தல் நிகழ்ந்துவிடும். நாள் முழுவதும் கொழுந்துச் செடிகளின் இடையே நிற்பவர் விடுமுறையிலும் செடிகொடிகளைக் காணச் செல்வது விந்தையே எனச் சிலர் எண்ணலாம். கங்காணியின் குரல் கேளாத இடத்திலே செடிகளின் நடுவே உறவினருடன் அமர்தலின் இன்பம் அவர்கட்கே தெரியும்.

சட்டமும் சுற்றமும்

கடல் கடந்த போக்குவரத்தும் இவ்வாழ்க்கையின் ஒரு பகுதியே. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லுதல், குலதெய்வத்திற்கு முடியிறக்குதல், பாட்டனின் சாவுக்குச் செல்லுதல் என்பன தமிழகத்து ஊரையும் கண்டித் தோட்டத்தையும் இணைத்தன. இந்நற்செயல்களே பின்னர்த் தீங்காக முடிந்தன.

இலங்கை 1948 ஆம் ஆண்டிற் சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அதற்குமுன் நாட்டிற் பிறந்த ஒருவன் வம்சாவழிக் குடியுரிமை பெறுவதற்கு, அவன் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. தாய்மாமனை முதல்வனாகக் கொண்ட மக்களுக்கு, தாய்வழியைக் கணக்கிலெடாத சட்டம் வாய்த்தது. தாய்வீடு தமிழகத்தில் இருந்தமையால் அங்கே சென்று ஈன்ற மகன், கண்டித் தோட்டத்திலேயே வளர்ந்து முதிர்ந்தாலும், இலங்கையிற் பிறந்த தந்தையாகக் கொள்ளப்படான்.

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் இந்திய பாகிஸ்தானிய வாசிகள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழிசெய்தது. 1946 ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்னர், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வசித்திருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. ஒருமுறை 12 மாதத்திற்கு மேற்படாது சென்றுவரலாம். மேற்படின் வசிப்பு இடையறுந்ததாகும். நோயுற்ற தாயைப் பேணச் சென்று ஓராண்டு கடந்து திரும்பிய மகள், உறவைக் காத்தாள், உரிமையை இழந்தாள். சுற்றத்தார் வழக்கிற் கடமையாக இருந்த போக்கும் வரவும் சட்டத்தின் கண்ணில் அந்நியத்தன்மையின் அடையாளமாயின.

இறுதியில் 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். ஏறத்தாழ 9,75,000 பேராகக் கணக்கிடப்பட்ட நாடற்றோருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974 இல் உடன்பட்டன. இத்தொகைகள் தலைகளை எண்ணியவை. உறவுகளை எண்ணியவை அல்ல. அண்ணன் இந்தியாவுக்கு விண்ணப்பித்தான். தம்பி இலங்கைக்கு விண்ணப்பித்தான். மகள் கணவனுடன் சென்றாள், பெற்றோர் நின்றனர். ஒரே லயத்தின் இரு காம்பராக்கள் இரு நாடுகளாயின.

தேர்க்கும் பெரஹராவுக்கும் கூட்டமாகச் சென்ற சுற்றம், அதன் பின்னர் வழியனுப்புவதற்காகப் புகையிரத நிலையங்களில் அவ்வாறே கூடியது. கட்டுச்சோறும் பிள்ளைகளை எண்ணும் பெரியம்மாவும் அங்கேயும் இருந்தனர். மலைநாட்டு நிலையங்களிலிருந்து அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற வண்டியை மக்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்று அழைத்தனர். சாவீட்டில் மட்டுமே எழும் ஒப்பாரி உயிருள்ளோரைப் பிரிகையில் எழுந்தமையால் வந்த பெயர் அது. தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்தமையால் கப்பல் இராமேசுவரத்திற்குச் சென்றது. அங்கிருந்து மண்டபம் முகாமை அடைந்தோர் பல திசைகளுக்குப் பிரிந்தனர். அவர்களுக்கெனத் தமிழக அரசு 1968 இல் நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கண்டியில் "இந்தியத் தமிழர்" எனப்பட்டோர் கோத்தகிரியிலும் கூடலூரிலும் "சிலோன்காரர்" எனப்பட்டனர்.

போர்ச் சூழலால் 1984 இல் அக்கப்பற் போக்குவரத்தும் நின்றது. செல்லவேண்டியோர் பலர் செல்ல இயலாது நின்றனர். சென்றோர் வந்து காண இயலாது போயினர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்கியது. முதற் சட்டத்திற்கும் இதற்கும் இடையே 55 ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் எத்தனையோ காது குத்துகளில் மாமன் மடிக்கு மாற்று மடி தேட நேர்ந்தது. எத்தனையோ சாவீடுகளில் கோடி போடவேண்டியவர் கடலுக்கு அப்பால் இருந்தனர்.

முடிவுரை

இன்று மலைநாட்டு இளைஞர் கொழும்பிலும் பிறநாடுகளிலும் தொழில் செய்கின்றனர். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் ஊர் திரும்பி, வாடகை வண்டியிற் சுற்றத்தை ஏற்றிக்கொண்டு பேராதனைக்கும் மாத்தளைக்கும் செல்கின்றனர். தொலைபேசி கோத்தகிரிப் பாட்டியின் முகத்தைக் கண்டிப் பேரனுக்குக் காட்டுகின்றது. முகம் காணலாம், மடியில் இருத்தல் இயலாது.

எவர் எவரைச் சேர்ந்தவர் என்பதை அரசுகள் பிறப்புச் சான்றாலும் வசிப்புக் கணக்காலும் முடிவுசெய்கின்றன. மக்களோ யார் வீட்டிற்கு யார் செல்கின்றார் என்பதால் முடிவுசெய்கின்றனர். இவ்விரு கணக்குகளும் முரண்படும்போது துன்புறுவோர் எளியோரே. குடியுரிமை பற்றிச் சட்டம் இயற்றுவோர் தனியாளை மட்டும் நோக்காது, அவன் பெரியம்மாவையும் தாய்மாமனையும் சேர்த்து நோக்குவாராயின், 1964 இற் போன்றதொரு பிரிவினையை எழுதும் கை சற்றே தயங்கும். அத்தயக்கத்தைக் கற்பிப்பதே கண்டிச் சீமையின் உறவு வரலாறு தரும் படிப்பினையாகும்.